நூறு டாலரில் தொடங்கிய ஒரு தொடர்

செல்வம் சேர்ப்பது பற்றிய தொலைக்காட்சித் தொடர்களை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2019இல் டிஸ்கவரி அலைவரிசையில் வெளியான 'அண்டர்கவர் பில்லியனர்' என்ற ரியாலிட்டி தொடர் எனக்கு மிகுந்த ஊக்கம் தந்தது. ஆனால் அதில் எதைப் பாடமாக எடுத்துக்கொள்கிறோம் என்பதில் கவனம் தேவை.

அமெரிக்காவில் வீட்டுக்கடன் நிறுவனம் நடத்திப் பெரும் செல்வரான கிளென் ஸ்டெர்ன்ஸ், நூறு டாலர், ஒரு பழைய பிக்கப் வண்டி, தெரிந்தவர் எண் எதுவும் இல்லாத ஒரு கைபேசி ஆகியவற்றோடு, தான் யார் என்பதை மறைத்துக்கொண்டு பென்சில்வேனியா மாநிலத்தின் ஈரி நகரில் இறங்குகிறார். 90 நாட்களில் பத்து லட்சம் டாலர் மதிப்புள்ள தொழிலை அவர் உருவாக்க வேண்டும். தவறினால் சொந்தப் பணத்திலிருந்து பத்து லட்சம் டாலரை அந்தத் தொழிலில் போட வேண்டும்.

எனக்குப் பயன்பட்டவை தொடக்கப் பகுதிகள்தான். குளிரில் வண்டிக்குள்ளேயே தூங்கி எழும் அந்த மனிதர், பழைய டயர்களை விற்க நினைக்கும்போது, சரக்கைச் சேர்ப்பதற்கு முன்பே அதை வாங்கக்கூடியவர் யார் என்று தேடுகிறார். கையில் முதல் இல்லாதவருக்கு இதைவிடத் தெளிவான அறிவுரையை நான் கேட்டதில்லை. பிறகு பழைய கார், பழைய வீடு என்று வாங்கி விற்று, அந்த லாபத்தைச் செலவழிக்காமல் அடுத்ததில் போட்டு, கடைசியில் 'அண்டர்டாக் பார்பிக்யூ' என்ற உணவகம் வரை வருகிறார்.

முடிவில் அந்தத் தொழிலுக்கு மதிப்பீட்டாளர் சொன்ன தொகை ஏழரை லட்சம் டாலர். இலக்கை எட்டாததால், சொன்னபடி தன் பணத்தை அவர் போட்டார். அந்த ஏழரை லட்சமும் கையில் இருந்த பணம் அன்று, ஒரு கணிப்பு மட்டுமே. வீட்டு வாடகையையோ கடன் தவணையையோ கணிப்பைக் கொண்டு கட்ட முடியாது என்பதைத் தொடர் அழுத்திச் சொல்லவில்லை, சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொன்று என்னை நெடுநாள் உறுத்தியது. ஈரி நகரத்து மக்கள் சிலர், அவர் யாரென்று தெரியாமலேயே, அவருடைய வாக்கை நம்பி ஊதியமில்லாமல் உழைத்தார்கள். உண்மையை வெளிப்படுத்தியபோது அவர் அவர்களுக்குத் தாராளமாகக் கைம்மாறு செய்தார். செய்வதற்கு அவரிடம் செல்வம் இருந்தது. அதே வழியில் தொழில் தொடங்க விரும்பும் ஒருவர், நண்பர்களைச் சம்பளமின்றி வேலைக்கு அழைப்பதற்கு முன், யாருக்கு எவ்வளவு பங்கு என்பதைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட வேண்டும்.