பெற்றோல் ஜீப்புக்கு டீசல் எஞ்சின்: பிரேக்கை மறக்க வேண்டாம்

பெற்றோல் ஜீப்பில் எஞ்சின் மாற்றுவது பற்றி ஒரு கட்டுரை படித்தேன். எஞ்சினை கியர்பொக்ஸோடு இணைக்கும் அடாப்டர் தட்டும், எஞ்சினைத் தாங்கும் மவுண்டும் பொருந்தினால் டீசல் எஞ்சின் ஏற்றிவிடலாம் என்கிறது அது. பிரேக் பற்றி ஒரு வரிகூட இல்லை, அதுதான் உயிர்ப் பிரச்சினை. பெற்றோல் எஞ்சினில் காற்றுவழியை அடைக்கும் திரொட்டில் மூடும்போது மனிபோல்டில் (காற்று உள்ளே போகும் குழாயில்) உண்டாகும் வெற்றிடத்தில்தான், பிரேக் மிதிக்கு பலம் கூட்டும் பிரேக் பூஸ்டர் வேலை செய்கிறது. டீசலில் அந்த இழுவை கிடையாது. வெற்றிடம் உண்டாக்க வெக்கியூம் பம்ப் கட்டாயம்; பல ஜப்பான் எஞ்சின்களில் அது ஆல்ட்டர்நேட்டரின் பின்னால் இருக்கும். அதிலிருந்து ஒயில் திரும்பும் குழாய் எஞ்சினின் அடியில் உள்ள ஒயில் தொட்டியான சம்ப்பை நோக்கிச் சரிந்தே இறங்க வேண்டும். மேலே வளைந்தால் பம்பில் ஒயில் தேங்கி சீல் போகும்.

அடாப்டர் தட்டைப் பூட்டியதும் டயல் கேஜ் (நுண் அளவு காட்டும் மானி) வைத்து, கிளட்சை மூடும் கூடான பெல் ஹவுசிங்கின் மையத்தைப் பாருங்கள். 0.1 மி.மீ.க்குள் நிற்காவிட்டால் கிளட்ச் நடுங்கும், கியர்பொக்ஸின் இன்புட் பெயரிங் சீக்கிரம் சத்தம் போடும்.

மிஞ்சும் டீசல் திரும்பிப் போக டாங்கிக்கு ரிட்டர்ன் லைன் தனியாக வேண்டும். பழைய டாங்கியின் துருவைக் கழுவி, தண்ணீர் பிரிக்கும் பில்டரும் போடுங்கள். இன்ஜெக்டர் பம்ப் தண்ணீரைத் தாங்காது. எஞ்சின் 24 வோல்ட் லொறியில் இருந்து வந்ததென்றால் ஸ்டார்ட்டர், குளோ பிளக் (ஸ்டார்ட் செய்ய சூடாக்குவது), ஸ்டொப் சொலினொய்ட் (எஞ்சினை நிறுத்துவது) மூன்றையும் 12 வோல்ட்டுக்கு மாற்ற வேண்டும்.

மட்டக்களப்பின் படுவான்கரை வயல் வழியில் மாரியில் ஓடும் ஜீப் என்றால் காற்று உறிஞ்சும் வாயை பொனட்டுக்கு மேலே உயர்த்துங்கள். டீசலின் அமுக்கம் அதிகம். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்தால் பிஸ்டனைத் தாங்கும் கொனெக்டிங் ரொட் வளைந்துவிடும். முன் ஸ்பிரிங்குக்கும் ஒரு பட்டை கூட்டுங்கள், இல்லாவிட்டால் பள்ளத்தில் சம்ப் அச்சில் இடிக்கும்.