ஹிட்டே இல்லாத குழுவின் 'பெஸ்ட் ஆஃப்'

அமெரிக்க ராக் குழுவான எம்.சி.5இன் 'தி பிக் பேங்' தொகுப்பை ஒரு வாரமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். 2000இல் ரைனோ நிறுவனம் போட்டது, பழைய சரக்குதான். இதை யாராவது கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் என்று சொன்னால் சிரிப்பு வந்துவிடுகிறது, ஹிட் இருந்தால்தானே கிரேட்டஸ்ட் ஹிட். 1969இல் வந்த முதல் ஆல்பம் அமெரிக்கப் பட்டியலில் 30ஆவது இடம் வரை ஏறியது, அதன் தலைப்புப் பாட்டு 82ஆவது இடத்தில் எட்டிப் பார்த்துவிட்டு இறங்கியது, அவ்வளவுதான் அவர்களுடைய வெற்றி. ஆனாலும் இந்த ஒரு குழுவைப் பொறுத்தவரை ஆல்பங்களை விடத் தொகுப்புதான் சரியான வடிவம் என்பது என் கட்சி. ராக் இசையில் ஊறிய நண்பர்கள் அடிக்க வருவார்கள். வரட்டும்.

டெட்ராய்ட் நகரத்தை ஒட்டிய லிங்கன் பார்க் பையன்கள் இவர்கள். கார் தொழிற்சாலையை நம்பிப் பிழைத்த வட்டாரம். மோட்டார் சிட்டி ஃபைவ் என்பதன் சுருக்கம்தான் எம்.சி.5. கேட்டால் ஏதோ கார் உதிரிபாகத்தின் எண் மாதிரி இருக்கிறது என்பதற்காகவே அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டார்களாம். பாடகர் ராப் டைனர், கிதாருக்கு வெயின் கிரேமரும் ஃபிரெட் 'சோனிக்' ஸ்மித்தும், பாஸ் மைக்கேல் டேவிஸ், டிரம்ஸ் டென்னிஸ் தாம்ப்சன். டைனர் என்பது அவருடைய சொந்தப் பெயர் அல்ல, ஜாஸ் மேதை ஜான் கோல்ட்ரேனுக்குப் பியானோ வாசித்த மெக்காய் டைனரிடமிருந்து எடுத்துக்கொண்டது. கராஜில் நின்று மூன்று கார்டு (கிதார் ஸ்வரக்கூட்டு) வைத்து இரைச்சல் போடுகிற பையன், கறுப்பின ஜாஸ் கலைஞரின் பெயரைத் தன் பெயராகச் சூட்டிக்கொள்கிறான். இந்தக் குழுவின் அரசியலில் எனக்குப் பிடித்த முதல் விஷயம் இது, கட்சி, கொடி எல்லாம் வருவதற்கு முன்பே நடந்தது.

தொகுப்பில் சிகரம் என்றால் 1968இல் சின்னக் கம்பெனி ஒன்றில் வந்த 'லுக்கிங் அட் யூ' சிங்கிள், அதாவது தனிப்பாட்டுத் தட்டு. மேனேஜர் ஜான் சின்க்ளேரே தயாரித்தது, அவருக்கு ஒலிப்பதிவெல்லாம் தெரியாது, அதுதான் நல்லதாகப் போய்விட்டது. மீட்டர் முள் சிவப்பைத் தொட்டு அங்கேயே ஒட்டிக்கொண்டது மாதிரி ஒரு சத்தம். டிரம்ஸ் எங்கே, பாஸ் எங்கே என்று பிரிக்க முடியாது, எல்லாம் ஒரே குழம்பாகக் கொதிக்கிறது, நடுவில் கிரேமரின் கிதார் இரும்பை இரும்பால் அறுப்பது போல வந்து, முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது மறுபடியும் வருகிறது. பாட்டு என்னவோ ஒரு பெண்ணைப் பார்த்து மயங்கியதைப் பற்றியதுதான். இதே பாட்டை 1970இல் இரண்டாவது ஆல்பத்துக்காக மறுபடி பதிவு செய்தார்கள், சுத்தமாக, ஒழுங்காக, ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாகக் கேட்கிற மாதிரி. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். இரண்டாவது முறை தலைசீவிப் பவுடர் போட்டுப் பெண் பார்க்க வந்த பையன் மாதிரி இருக்கும்.

சரி, அரசியல். சின்க்ளேர் கவிஞர், ஜாஸ் பைத்தியம். 1968 நவம்பரில் கறுப்பினப் போராளிகளின் கட்சியான கறுப்புச் சிறுத்தைகளுக்குத் துணையாக வெள்ளைச் சிறுத்தைகள் கட்சியைத் தொடங்கினார், குழு அதன் பிரசார வண்டி ஆனது. கட்சித் திட்டத்தில் பணத்தையே ஒழிக்க வேண்டும் என்று ஒரு அம்சம் உண்டு. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் எலெக்ட்ரா இசைத்தட்டுக் கம்பெனியிடம் 20,000 டாலருக்கு ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். கிண்டலுக்குச் சொல்லவில்லை (கொஞ்சம் கிண்டல்தான்). தோட்டா மாலையும் துப்பாக்கியுமாக நின்று எடுத்த போட்டோக்களை இப்போது பார்த்தால் நாடகக் கொட்டகை ஞாபகம்தான் வருகிறது. எல்லாரும் ஒன்றாகத் தங்கியிருந்த கம்யூன் வீட்டில் சமைத்ததும் துவைத்ததும் மேடை உடைகளைத் தைத்ததும் பெண்கள். புரட்சி கூடத்தில் நடந்தது, சமையலறைக்கு வரவில்லை. இதைச் சொல்லாமல் அவர்களைப் போற்றுகிறவர்களோடு எனக்கு ஒட்டாது.

ஆனால் எல்லாமே வேஷம் என்று தள்ளிவிடவும் முடியாது. 1967 ஜூலைக் கலவரத்தில் டெட்ராய்ட் தீப்பற்றி எரிந்து 43 பேர் செத்த ஊரில் இருந்தவர்கள் இவர்கள். அதைப் பற்றி ஜான் லீ ஹூக்கர் பாடிய ப்ளூஸ் முதல் ஆல்பத்தில் இருக்கிறது. 1968 ஆகஸ்டில் ஜனநாயகக் கட்சி மாநாட்டின்போது சிகாகோவில் வியட்நாம் போர் எதிர்ப்பாளர்கள் கூடிய பூங்காவில் (அதற்கும் பெயர் லிங்கன் பார்க், தற்செயல்தான்) மேடையும் இல்லை, கரண்டும் இல்லை, ஹாட் டாக் கடையிலிருந்து ஒயர் இழுத்து வாசித்தார்கள். பெரிய பெயர்கள் பல வரவில்லை, போலீஸ் தடியைத் தூக்குவதற்கு முன் வந்து வாசித்தது இவர்கள்தான். 1969இல் இரண்டே இரண்டு கஞ்சா சுருட்டுக்காகச் சின்க்ளேருக்குப் பத்து வருஷம் வரை சிறை. 1971 டிசம்பரில் ஜான் லெனான் ஆன் ஆர்பர் நகருக்கே வந்து அவருக்காகப் பாடினார், மூன்றாம் நாள் விடுதலை. அவர்மேல் ஏற்கெனவே போட்டிருந்த இன்னொரு வழக்கில்தான், உள்நாட்டு அமைப்புகளின் தொலைபேசியை நீதிமன்ற உத்தரவில்லாமல் அரசு ஒட்டுக்கேட்கக் கூடாது என்று 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எட்டு நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னது. பணத்தை ஒழிக்க முடியவில்லை, ஒட்டுக்கேட்பதைக் கொஞ்சம் தடுத்தார்கள்.

இப்போது என் வாதத்துக்கு வருகிறேன். மூன்று ஆல்பங்கள்தான் மொத்தம், ஒவ்வொன்றிலும் ஒரு ஓட்டை. முதலாவது 1968 அக்டோபர் கடைசியில் டெட்ராய்டின் கிராண்டி பால்ரூம் அரங்கில் நேரடியாகப் பதிவானது. முதல் பக்கம் நெருப்பு, கடைசியில் ஜாஸ் கலைஞர் சன் ராவைத் தொடப்போய் எட்டு நிமிஷம் அலைகிறார்கள், எனக்குப் பொறுமை போய்விடும். அதிலிருந்த கெட்டவார்த்தைக்காக ஹட்சன்ஸ் என்ற பெரிய கடை விற்க மறுத்தது, இவர்கள் பத்திரிகையில் அந்தக் கடையையே அதே வார்த்தையால் திட்டி எலெக்ட்ராவின் சின்னத்தையும் போட்டு விளம்பரம் கொடுத்தார்கள், கடை அந்தக் கம்பெனியின் எல்லா இசைத்தட்டுகளையும் தூக்கியது, கம்பெனி இவர்களைத் தூக்கியது. இரண்டாவது, அட்லாண்டிக் கம்பெனியில், ஜான் லேண்டௌ தயாரித்தது. 28 நிமிஷம், பாஸ் எங்கே என்று தேட வேண்டும். ஆனால் பாட்டுகளின் அரசியல் கூர்மையானது இதில்தான்! 'தி அமெரிக்கன் ரூஸ்' இரண்டரை நிமிஷத்தில் அமெரிக்கக் கனவு எப்படி ஒரு பித்தலாட்டம் என்று சொல்லிவிட்டுப் போகிறது. சின்க்ளேர் உள்ளே போன பிறகு, கட்சிக் கோஷத்திலிருந்து விலகிய பிறகுதான் இந்தத் தெளிவு வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 1971இல் வந்த மூன்றாவதில் வாசிப்பு எல்லாம் கைகூடியிருந்தது, ஆனால் வாங்க ஆள் இல்லை.

சத்தம் ஒரு தட்டில், வார்த்தை இன்னொரு தட்டில், தேர்ச்சி மூன்றாவதில். மூன்றும் ஒன்றாக உட்கார்ந்த ஆல்பத்தை அவர்கள் போடவே இல்லை. வருஷ வரிசையில் அடுக்கிய இந்தத் தொகுப்பில் அது ஏறக்குறைய நடந்துவிடுகிறது. நீங்கள் பீட்டில்ஸை விடப் பெரிதாக ஆக ஆசைப்பட்டீர்கள், நான் உங்களை மாவோவை விடப் பெரிதாக்க நினைத்தேன் என்று சின்க்ளேர் பின்னாளில் சொன்னதாகப் பேச்சு உண்டு. அந்த இழுபறி முழுவதும் இந்த ஒரே சிடியில் காதில் விழுகிறது.

1972 கடைசி இரவு, அதே கிராண்டி பால்ரூமில், வெறிச்சோடிய கூட்டத்துக்கு முன்னால் கடைசியாக வாசித்தார்கள். கிரேமர் பாதியில் கிதாரைக் கழற்றிவிட்டுப் போய்விட்டார். அப்புறம் கொக்கெயின் வழக்கில் ஜெயிலுக்குப் போனார், பல வருஷம் கழித்துக் கைதிகளுக்குக் கிதார் கொடுக்கிற வேலையில் இறங்கினார். 2024 பிப்ரவரியில் கிரேமர், ஏப்ரலில் சின்க்ளேர், மே மாதம் மிஞ்சியிருந்த தாம்ப்சன். அதே வருஷம் அக்டோபரில் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் இவர்களைக் கௌரவித்தது. ஐந்து பேரில் ஒருவர்கூட அப்போது உயிரோடு இல்லை.

முதல் முறை கேட்கிறவர்கள் அந்த 1968 சிங்கிளிலிருந்து தொடங்குங்கள். ஹெட்போன் வேண்டாம், ஸ்பீக்கரில் போடுங்கள். எங்கள் வீட்டில் இரண்டாவது நிமிஷத்திலேயே மிக்ஸி ரிப்பேரா என்று உள்ளே இருந்து கேள்வி வந்தது.