ஒருக்காத்தானே வெண்டவர், இன்னொரு சான்ஸ் குடுக்கலாமாம்!

நேற்று ஒப்பீஸ்ல மத்தியானம் சாப்பிட இருந்த நேரம் திரும்பவும் அதே கதை. முந்தி ஜனாதிபதியா இருந்த கோட்டாபயவுக்கு இன்னொருக்கா சான்ஸ் குடுத்துப் பாக்கலாமாம், மனுசன் நல்லவராம், சுத்தி நிண்டவங்கள்தானாம் கெடுத்தது. எனக்குச் சோறு தொண்டையால இறங்கேல்ல. சொன்னவர் வேற ஆருமில்லை, எங்கட பருத்தித்துறைப் பக்கத்து ஆள், என்னை விடப் பத்து வயசு மூப்பு, நான் அண்ணை எண்டு கூப்பிடுற மனுசன்!

சட்டத்தைப் பாத்தாலும் விசர்தான் வருது. ரெண்டு தரம் சனத்தின்ர வாக்கால ஜனாதிபதி ஆனவர்தான் திரும்பக் கேக்கேலாது, அதால அவற்ற அண்ணன் மஹிந்தவுக்குக் கதவு பூட்டு. கோட்டாபய 2019ல ஒருக்காத்தான் வெண்டவர், அதால அந்த விதி அவரை மறிக்காது. மறிக்கிறதெண்டா சனம்தான் மறிக்கோணும், அந்தச் சனம் இப்ப சோத்துப் பார்சலை விரிச்சு வைச்சுக்கொண்டு சான்ஸ் குடுக்குது.

சுத்தி நிண்டவங்கள் எண்டா ஆர்? ஒரு அண்ணன் பிரதமர், மற்ற அண்ணன் அமைச்சர், தம்பி பசில் நிதி அமைச்சர், பெறாமகன் நாமலும் அமைச்சர். இவை எல்லாரும் வானத்தால விழுந்தவையே? 2020 ஒக்டோபரில 20ஆவது திருத்தத்தைக் கொண்டுவந்து அதிகாரம் முழுக்கத் தன்ர கையில எடுத்த மனுசனுக்கு, பிழை எண்டு வந்தா மட்டும் பக்கத்தில நிண்டவன் குற்றவாளியோ? வந்த கையோட 2019 டிசம்பர்ல வாட் வரியை 15 வீதத்தில இருந்து 8 ஆக்கினது ஆற்ற அரசாங்கம், 2021 மே மாசம் ரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியா நிப்பாட்டி, வயல்காரன் தலையில கை வைச்ச பிறகு நவம்பர்ல கைவிட்டது ஆற்ற அரசாங்கம்? 2023 நவம்பர்ல உயர் நீதிமன்றமே பொருளாதாரம் விழுந்ததுக்குப் பொறுப்பானவையில கோட்டாபயவையும் சேர்த்துத் தீர்ப்புச் சொல்லிப்போட்டுது, அதுக்குப் பிறகும் சுத்தி நிண்டவங்கள் கதையோ.

எங்கட ஒழுங்கையில காஸ் வரிசையை நான் இன்னும் மறக்கேல்ல. விடியப்புறம் ரெண்டு மணிக்கே வெறும் சிலிண்டரைக் கொண்டுவந்து வைச்சு, ஆரும் இழுத்துக்கொண்டு போகாம ஒண்டோட ஒண்டு சங்கிலி போட்டுப் பூட்டி, மேல வெள்ளைப் பெயின்ற்றால பேர் எழுதி வைச்சிருப்பினம், அடுத்த வீட்டு அம்மம்மா அந்தச் சிலிண்டருக்கு மேலயே குடையைப் பிடிச்சுக்கொண்டு குந்தியிருப்பா, மத்தியானம் லொறி வராதாம் எண்டு சொன்னோண்ண ஒரு சொல்லும் பேசாம எழும்பிப் போவா, அடுத்த நாளும் வந்து இருப்பா. 2022 ஏப்ரல்ல 2,675 ரூபா சிலிண்டர் ஒரே அடியில 4,860. நாட்டில பெற்றோல் வரிசையில நிண்டு வயசான ஆக்கள் விழுந்து செத்தவை. மார்ச் மாசம் கடுதாசி இல்லாம மேல் மாகாணத்தில பள்ளிக்கூடச் சோதினையையே தள்ளி வைச்சவங்கள். பிறகு ஜூலை 13 விடிய மனுசன் விமானப்படை விமானத்தில மாலைதீவுக்குப் போய், அங்கயிருந்து சிங்கப்பூருக்குப் போய், அங்க நிண்டுதான் பதவி விலகல் கடிதம் அனுப்பினவர். சனம் வரிசையிலதான் நிண்டது.

அண்ணை சொல்றார், அவர் இருந்திருந்தா நாட்டில டிசிப்ளின் வந்திருக்குமாம். ஆற்ற டிசிப்ளின்? 2000ஆம் ஆண்டு டிசம்பர்ல யாழ்ப்பாணம் மிருசுவில்ல தங்கட வீடு வளவைப் பாக்க வந்த எட்டுத் தமிழ்ச் சனத்தை ஆமி வெட்டிச் சாகடிச்சுக் குழியில போட்ட வழக்கு, அதில அஞ்சு வயசுப் பிள்ளையும் ஒண்டு. பதினஞ்சு வருசம் இழுபட்டு, மரண தண்டனை எண்டு தீர்ப்பு வந்து, மேன்முறையீட்டிலயும் அது சரி எண்டான பிறகு, தண்டனை கிடைச்ச ஆமிக்காரனுக்கு 2020 மார்ச்ல, நாடே கொரோனாவில வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்த நேரம் பொது மன்னிப்புக் குடுத்து வெளியில விட்டவர் இதே கோட்டாபயதான். இதுக்கு எந்த அண்ணன் தம்பி மேல பழியைப் போடுவியள், மன்னிப்புக் குடுக்கிற அதிகாரம் ஜனாதிபதிக்குத்தானே இருக்கு? அந்த வருசம் ஜனவரியில ஐநா ஆளைச் சந்திச்ச நேரம் சண்டையில காணாமல் போனவை செத்துப் போட்டினம் எண்டு சொன்னதும் அவர்தான். கிளிநொச்சியிலயும் வவுனியாவிலயும் 2017ல இருந்து காணாமல் போன பிள்ளையளின்ர படத்தை மடியில வைச்சுக்கொண்டு றோட்டுக்கரையில இருந்த அம்மாமாருக்கு, எப்பிடிச் செத்தது, ஆர் சாகடிச்சது எண்டு ஒரு விளக்கமும் இல்லை, செத்துப்போட்டினம், அவ்வளவுதான்.

2019ல அவருக்கு 69 லட்சம் பேர் வாக்குப் போட்டவை எண்டதும் எனக்குத் தெரியும். அவையில கனபேர் 2022ல கொழும்பு காலிமுகத்திடலுக்கு வந்து வீட்ட போ எண்டு கத்தினவை, அவைக்கு விளங்கின விசயம் வடக்கில பிறந்து வளர்ந்த உங்களுக்கு விளங்கேல்லையே அண்ணை?

நேற்று நான் பாதிச் சாப்பாட்டோட எழும்பிப் போட்டன், அதுதான் என்ர பிழை. இண்டைக்கும் அதே மேசைதான், அந்தக் கதையை எடுத்தா எழும்ப மாட்டன், மிருசுவில்ல இருந்து தொடங்கி முழுக்கச் சொல்லுவன், சோறு காஞ்சாலும் இருந்து கேக்கட்டும்.