13-0க்கு 63-3 பதில் ஆகாது

நேற்று, 2023 டிசம்பர் 30, அமெரிக்கன் ஃபுட்பாலின் கல்லூரி ஆட்டமான ஆரஞ்சு பவுல் முடிந்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அட்லாண்டா வாட்ஸ்அப் குழுவில் ஒரு அண்ணன் ஸ்கோர் படத்தைப் போட்டு என்னை டேக் செய்திருந்தார். ஜார்ஜியா 63, ஃப்ளோரிடா ஸ்டேட் 3. கீழே, 'தம்பி, கமிட்டிக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிடலாமா?' அதற்கு வரிசையாகச் சிரிப்பு எமோஜிகள். சிரித்தவர்களில் பாதிப் பேருக்கு டச்டவுனுக்கு எத்தனை புள்ளி என்று கேட்டால் கூகுளைத்தான் பார்ப்பார்கள்.

ஃப்ளோரிடா ஸ்டேட் நான் படித்த பல்கலைக்கழகம். கல்லூரி அணிகளில் சாம்பியனை முடிவுசெய்யும் பிளேஆஃபுக்கு நாலு அணிகளை ஒரு கமிட்டிதான் பொறுக்கும். 13 ஆட்டமும் ஜெயித்த எங்களை அது டிசம்பர் 3 அன்று வெளியே நிறுத்தியது. வெளியே நின்ற எங்களுக்குக் கிடைத்ததுதான் இந்த ஆரஞ்சு பவுல். குழுவில் சண்டை வேண்டாம் என்று மனைவி சொன்னதால் இங்கே வந்து எழுதுகிறேன். நீளமாக இருக்கும். பிடிக்காதவர்கள் தாண்டிப் போய்விடுங்கள்.

சீசன் முடிவில் நடக்கும் இந்த பவுல் ஆட்டங்களின் வரலாற்றிலேயே இவ்வளவு பெரிய வித்தியாசத்தில் யாரும் தோற்றதில்லை. தெரியும், நானும் டிவி முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் ஆடியது யார்? எங்கள் குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவன்) ஜோர்டான் டிராவிஸ் காலொடிந்து வெளியே. அவனுக்கு அடுத்த ரோட்மேக்கர் இல்லை. கியான் கோல்மன் இல்லை, ஜானி வில்சன் இல்லை, டிரே பென்சன் இல்லை, ஜாரெட் வெர்ஸ் இல்லை. இப்படி இருபது பேருக்கு மேல் ஆடவே வரவில்லை. கல்யாணம் நின்றுபோன மண்டபத்தில் மிச்சமிருந்த சாம்பாரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, 'சமையல் சரியில்லை, அதனால கல்யாணத்தை நிறுத்தினது சரிதான்' என்று ஏப்பம் விடுவது போல இருக்கிறது உங்கள் வாதம். கல்யாணத்தை நிறுத்தியது டிசம்பர் 3. சாம்பார் ஊசிப்போனது அதற்கு அப்புறம்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. 13 ஆட்டம், 13 வெற்றி. அதற்கு மதிப்பு உண்டா, இல்லையா?

'டிராவிஸ் இல்லாமல் அது வேறு அணி' என்பார்கள். கமிட்டித் தலைவர் பூ காரிகனும் அதைத்தான் சொன்னார், முதல் 11 வாரம் ஆடிய அணி வேறு, இப்போதிருப்பது வேறு என்று. சரி. டிராவிஸுக்குக் காலொடிந்தது நவம்பர் 18. நவம்பர் 28 தரவரிசைப் பட்டியலில் இதே கமிட்டி எங்களுக்குக் கொடுத்த இடம் எது? 4. காலொடிந்து பத்து நாள் கழித்து, ஒடிந்தது தெரிந்தே கொடுத்த 4. அதன்பிறகு நாங்கள் செய்த ஒரே குற்றம், சார்லட்டில் லூயிவில்லை 16-6 என்று ஜெயித்து எங்கள் லீகான ஏசிசியின் கோப்பையைத் தூக்கியது. பரிசு, 5ஆம் இடம். எட்டில் இருந்த அலபாமா தாவி வந்து நாலில் உட்கார்ந்துகொண்டது. பந்தியில் இலை போட்டு, தண்ணீர் தெளித்து, உப்பும் வைத்த பிறகு 'நீங்க எந்திரிங்க, பெரிய வீட்டு ஆளு வந்திருக்காரு' என்பதற்குப் பேர் என்ன?

2014இல் ஒஹாயோ ஸ்டேட்டுக்கு இரண்டு குவார்ட்டர்பேக் காயத்தால் வெளியே போய்விட்டார்கள். மூன்றாவது ஆளான கார்டேல் ஜோன்ஸை வைத்து விஸ்கான்சினை 59-0 என்று ஜெயித்தார்கள். அதே கமிட்டி முறைதான் அவர்களை உள்ளே விட்டது. கோப்பையையும் அவர்கள்தான் எடுத்தார்கள். 59-0க்கும் 16-6க்கும் வித்தியாசம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. 16-6 பார்க்க அழகாகவா இருந்தது? இல்லை. முதலாமாண்டுப் பையன் பிராக் க்ளென்னை நிறுத்தி, தடுப்பாட்டத்தை நம்பி, எதிரிக்கு ஒரு டச்டவுன்கூடக் கொடுக்காமல் ஜெயித்தார்கள். அழகுப் போட்டி என்று முன்னாலேயே சொல்லியிருந்தால் பவுடர் போட்டுக்கொண்டு வந்திருப்போம்.

'ஏசிசி சொத்தை லீக்.' எல்எஸ்யூ (லூசியானா ஸ்டேட்) எந்த லீக், சார்? அலபாமாவும் ஜார்ஜியாவும் ஆடும் அதே எஸ்இசிதானே. இந்த வருடம் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கிய ஜெய்டன் டேனியல்ஸ் ஆடிய அந்த அணியை முதல் ஆட்டத்தில் 45-24. கிளெம்சனை அவர்கள் மைதானத்திலேயே கூடுதல் நேரத்தில். ஃப்ளோரிடாவை, டிராவிஸ் இல்லாமல், அவர்கள் ஊரில். ஆனால் இந்த பிளேஆஃப் தொடங்கிய நாளிலிருந்து எஸ்இசி அணி இல்லாத வருடமே கிடையாது. அந்த மரபு கெட்டுவிடக் கூடாதல்லவா?

இன்னொன்று கேட்டார்கள். ஜார்ஜியாவும்தான் வெளியே நின்றது, அவர்கள் பையன்கள் வந்து ஆடவில்லையா என்று. அவர்கள் அலபாமாவிடம் மைதானத்தில் தோற்றார்கள், ஏன் வெளியே நிற்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியும். அவ்வளவுதான், அதற்கு மேல் இதில் பேச எனக்கு இஷ்டமில்லை.

ஃப்ளோரிடா ஸ்டேட் இருக்கும் டலஹாஸிக்கு நான் படிக்கப் போனது 2013இல். ஒரே வீட்டில் நாலு தமிழ்ப் பசங்க, ஒரு குக்கர். பந்து எந்தப் பக்கம் போகிறது என்றே புரியாமல் முதல் ஆட்டத்துக்குப் போய் உட்கார்ந்தேன். ஆட்டம் தொடங்குமுன் எங்கள் அணியின் அடையாளமான ஒசியோலா வேடத்தில் ஒருவன் குதிரைமேல் பாய்ந்து வந்து, எரியும் ஈட்டியை நடு மைதானத்தில் குத்தினான். ஊர் எல்லையில் நிற்கும் ஐயனார் குதிரையோடு எழுந்து வந்துவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றியது. அன்றைக்கே நான் அந்தக் கூட்டத்து ஆள். அந்த வருடம் 14-0, கோப்பை. அதிர்ஷ்டக்காரன் என்றார்கள். 2021இல் முதல் நாலு ஆட்டமும் தோற்றபோது, அதில் ஒன்றை ஜாக்சன்வில் ஸ்டேட்டிடம் கடைசி வீச்சில் கோட்டை விட்டபோது, யாரும் என்னை அதிர்ஷ்டக்காரன் என்று சொல்லவில்லை. அந்தக் குழியிலிருந்து பயிற்சியாளர் மைக் நார்வெல் இரண்டே வருடத்தில் இந்தப் பிள்ளைகளை 13-0க்குக் கொண்டு வந்தார்.

'உனக்கென்னடா அமெரிக்காக்காரன் பந்தாட்டத்தில் இவ்வளவு ரோஷம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். மே மாதம் மெமோரியல் டே அன்று ஜடேஜா கடைசிப் பந்தில் நாலு அடித்ததும் மஞ்சள் சட்டையோடு என் சோபாவில் ஏறிக் குதித்தவர்தான் அவர். சோபாவின் ஒரு கால் இன்னும் ஆடுகிறது. உங்கள் ரோஷம் ரோஷம், என்னுடையது வேடிக்கையா?

சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன். சில வருடங்களுக்கு முன், வேறு ஒரு கம்பெனியில், ஒரு ப்ராஜெக்டை ஜனவரியிலிருந்து தூக்கிச் சுமந்தேன். அக்டோபரில் முதுகில் டிஸ்க் ஆபரேஷன், ஆறு வாரம் படுக்கை. என் டீம் பிள்ளைகள் ராத்திரி பகலாக உட்கார்ந்து டிசம்பரில் சொன்ன தேதிக்கு முடித்துக் கொடுத்தார்கள். ஒரு நாள் தாமதம் இல்லை. ரேட்டிங் பேசக் கூப்பிட்ட மேனேஜர் சிரித்துக்கொண்டே சொன்னார், 'பின்னால் நடந்ததைவிட முன்னால் என்ன செய்யப்போகிறோம் என்று பார்க்கிறோம்.' எனக்குப் போகட்டும். அந்தப் பிள்ளைகளுக்கும் குறைத்துப் போட்டார்கள். அதை அவர்களிடம் சொல்லும் வேலையும் எனக்குத்தான் வந்தது. கட்டில் விளிம்பைப் பிடித்தபடி ஒவ்வொருவருக்காகப் போன் செய்து சொன்னேன்.

டிசம்பர் 3 அன்று டிராவிஸ் எழுதியதைப் படித்தீர்களா? என் கால் சீசன் தொடக்கத்திலேயே உடைந்திருக்கக் கூடாதா, இந்த அணி குவார்ட்டர்பேக்கைவிடப் பெரியது என்று எல்லோரும் பார்த்திருப்பார்களே என்கிறான். கடைசியில் மன்னிப்பும் கேட்கிறான். காலொடிந்தவன் மன்னிப்புக் கேட்கிறான். நீங்கள் என்னிடம் வந்து மன்னிப்புக் கடிதம் கேட்கிறீர்கள், அண்ணே.

அடுத்த வருடத்திலிருந்து, அதாவது 2024 சீசனிலிருந்து, பிளேஆஃபில் 12 அணிகளாம். பந்தியை நீட்டுகிறார்கள். நல்லது, யாரோ சாப்பிடட்டும்.

நாளை பிளேஆஃப் அரையிறுதியான ரோஸ் பவுல், மிச்சிகனும் அலபாமாவும். பார்க்கப் போவதில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டேன். அலபாமா தோற்கிற மாதிரி இருந்தால் மட்டும் எழுப்பச் சொல்லியிருக்கிறேன்.