ரிவியூவில் ஓடிய கார்டு வேறு, பெட்டியில் வந்த கார்டு வேறு

ஒரு கிராபிக்ஸ் கார்டின் தலையெழுத்து முதல் நாள் ரிவியூவிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. ஆறு மாதம் கழித்து வாங்க வருபவரும் தேடிப் படிப்பது அதே ரிவியூவைத்தான். அதற்குள் விலையும், கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரும் மாறியிருந்தாலும், மறுபடி சோதித்துப் பார்ப்பவர்கள் குறைவு. கம்பெனிகளுக்கு இது நன்றாகவே தெரியும். 2019 ஜூலை 7 அன்று வெளிவந்த ஆர்எக்ஸ் 5700 எக்ஸ்டியின் விலையை, போட்டிக் கம்பெனியான என்விடியாவின் ‘சூப்பர்’ வரிசைக் கார்டுகளைப் பார்த்ததும், வெளியீட்டுக்கு இரண்டு நாள் முன்பு 449 டாலரிலிருந்து 399-க்கு இறக்கியது ஏஎம்டி. அதில் வாங்குபவருக்கு லாபம்தான்.

ஆறு மாதம் கழித்து ஆர்எக்ஸ் 5600 எக்ஸ்டி என்ற கார்டுக்கு ஏஎம்டி செய்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

2020 ஜனவரி 21 வெளியீடு, விலை 279 டாலர். அறிவித்தபோது கேம் கிளாக் (கேம் ஓடும்போது சிப்பின் வழக்கமான வேகம்) 1375 மெகாஹெர்ட்ஸ், மெமரி வேகம் 12 ஜிபிபிஎஸ் (ஒவ்வொரு தரவுக் கம்பியிலும் நொடிக்கு 12 கிகாபிட்). வெளியீடு நெருங்கும் நேரத்தில் என்விடியா தன் ஆர்டிஎக்ஸ் 2060 கார்டின் விலையை 299 டாலருக்கு இறக்கியது. இந்த முறை ஏஎம்டி விலையைத் தொடவில்லை, வேகத்தை ஏற்றியது. புது பயாஸில் (கார்டின் வேகத்தை நிர்ணயிக்கும், கார்டுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) கேம் கிளாக் 1615, மெமரி 14. மெமரிக்கும் சிப்புக்கும் இடையிலான 192 பிட் பாதையில் (பஸ்) கணக்குப் போட்டால் நொடிக்கு 288 ஜிபியாக இருந்தது 336 ஆகிறது. ஆறில் ஒரு பங்கு கூடுதல், சின்ன விஷயமில்லை. ரிவியூக்கள் புது பயாஸில் ஓடின. பல கார்டுகளோ பழைய பயாஸோடு பெட்டிக்குள் போய், கடைகளுக்குக் கிளம்பிவிட்டன. போதாததற்கு, சில மாடல்கள் தொடக்கத்தில் 12 ஜிபிபிஎஸ்ஸிலேயே நின்றன. ஒரே பெயர், ஆனால் இரண்டு வேகம். வாங்குபவர் படித்த எண் அவர் கையில் இருந்த கார்டுடையது அல்ல.

2025 மே 19 அன்று ஆர்டிஎக்ஸ் 5060 வந்தபோது என்விடியா செய்தது இன்னொரு வகை. பொது டிரைவரை விற்பனை தொடங்கும் நாள் வரை தரவில்லை. டிரைவர் இல்லாமல் சுயமான ரிவியூ முன்கூட்டி வர வழியே இல்லை. முதல் நாள் வாங்கியவர்கள் சுயமான ரிவியூ எதையும் படிக்காமல் வாங்கினார்கள்.

5600 எக்ஸ்டியை இன்று செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள். கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் என்ற மென்பொருளைத் திறந்தால் மெமரி கிளாக் தெரியும். 1750 மெகாஹெர்ட்ஸ் என்றால் 14 ஜிபிபிஎஸ், 1500 என்றால் 12. வேகத்தை ஏற்ற பயாஸை மாற்றுவதானால், அதற்கு முன் அதே திரையில் பயாஸ் வெர்ஷனுக்குப் பக்கத்திலிருக்கும் பட்டனை அழுத்திப் பழையதைச் சேமித்துவிடுங்கள். புதியதை உங்கள் மாடலுக்கென்று தயாரிப்பாளர் கொடுத்த பக்கத்திலிருந்து மட்டும் எடுங்கள். வேறு கம்பெனி பயாஸைப் போட்டால் மெமரி சிப்பின் டைமிங்கும் ஃபேன் அமைப்பும் ஒத்துவராமல் திரையில் புள்ளி புள்ளியாக வரலாம், இல்லையென்றால் கேம் நடுவில் அப்படியே நின்றுவிடலாம். கார்டின் விளிம்பில் இரட்டை பயாஸ் ஸ்விட்ச் (இரண்டு பயாஸில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது) இருந்தால் ஒரு பக்கம் மட்டும் மாற்றுங்கள். திரை கறுப்பாகிவிட்டால் கம்ப்யூட்டரை அணைத்து, ஸ்விட்சை மறுபக்கம் தள்ளி, மறுபடி போடுங்கள்; பழைய பயாஸில் எழுந்துவிடும். ஸ்விட்ச் இல்லாத கார்டு என்றால், 1500-லேயே ஒழுங்காக ஓடுகிறதா, அப்படியே விட்டுவிடுங்கள்.