சிஸ்டம் எடுத்துக்குமாம்

பேரு வெளிய தெரியாம கட்சிகளுக்குப் பணம் குடுக்கறதுக்குத் தேர்தல் பத்திரம்னு ஒண்ணு இருந்துச்சே, அந்த விவரத்தைக் குடுக்க ஸ்டேட் பேங்க் 2024ல ஜூன் 30 வரைக்கும் டைம் வேணும்னு கேட்டாங்கள்ல, அது இன்னும் எனக்கு ஜீரணமாகல. நீங்க எல்லாரும் எந்தக் கட்சிக்கு எவ்ளோன்ற லிஸ்ட்டுக்குப் போயிட்டீங்க, நான் இன்னும் அந்த மார்ச் 4லயே நிக்கிறேன்.

தேர்தல் பத்திரம் செல்லாதுனு 2024 பிப்ரவரி 15 சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. மார்ச் 6க்குள்ள விவரத்தைக் குடுங்கன்னும் சொல்லியாச்சு. கெடு முடிய ரெண்டு நாள் இருக்கும்போது ஸ்டேட் பேங்க் போய் நிக்குது, வாங்குனவங்க விவரம் தனியா இருக்கு, பணமாக்குன கட்சி விவரம் தனியா இருக்கு, எல்லாம் சீல் வச்ச கவர்ல மும்பைல கிடக்கு, மொத்தம் 22,217 பத்திரம், கையால பொருத்திப் பார்க்கணும்னு. பார்லிமென்ட் தேர்தல் ரிசல்ட் ஜூன் 4. ஜூன் 30 எதுக்குனு தெரியாத அளவுக்கா நாம இருக்கோம்?

கையால. நாட்டோட பெரிய பேங்க், கையால.

கோர்ட் மார்ச் 11ஆம் தேதி போட்ட போடுல மறுநாளே குடுத்தாங்க. அதுலயும் பத்திர நம்பர் இல்ல, அது இருந்தாதான் யார் வாங்குனது எந்தக் கட்சிக்குப் போச்சுனு பொருத்த முடியும். அந்த நம்பர் அல்ட்ரா வயலட் லைட்ல காட்டினாதான் தெரியும், 2018லயே ஒரு பத்திரிகையாளர் லேப்ல குடுத்து அதைக் கண்டுபிடிச்சிட்டாங்க. ஆனாலும் இவங்களுக்கு இன்னொரு குட்டு விழுந்தப்புறம்தான் 21ஆம் தேதி அது வெளிய வந்துச்சு.

இப்ப என் கதை. இது அந்த பேங்க் இல்ல, வேற ஒரு அரசு பேங்க், பேரு வேணாம். எங்கம்மா கேஸ் மானியத்துக்காக மட்டும் ஒரு அக்கவுண்ட் வச்சிருந்தாங்க. ஒரு நாள் பாஸ்புக் என்ட்ரி போட்டுட்டு வந்து இது என்னடா 17 ரூபா 70 காசு, இது என்னடா மறுபடியும்னு கேட்டாங்க. மினிமம் பேலன்ஸ் இல்லனு 15 ரூபா, அதுக்கு மேல ஜிஎஸ்டி. நாலஞ்சு மாசமா தொடர்ந்து எடுத்திருக்காங்க, மானியமே அதுல பாதி போச்சு. நான் லீவு போட்டுட்டுப் போய்க் கேட்டேன். "சிஸ்டமே எடுத்துக்கும் சார், எங்க கைல ஒண்ணும் இல்ல"ன்னாங்க. எங்கம்மாகிட்ட எடுக்க சிஸ்டம் இருக்கு. ஒரு கோடி ரூபா பத்திரம் வாங்குன ஆளு யாருனு பார்க்க மட்டும் கவரைத் தேடணும், சீலை உடைக்கணும், ஆள் போடணும், ஜூன் ஆகும்.

பேங்க் ஸ்டாஃப் நண்பர்கள் கோச்சுக்காதீங்க, கவுண்ட்டர்ல உக்காந்திருக்கறவங்களைச் சொல்லல.

"கோர்ட் தட்டிக் கேட்டுச்சுல்ல, அமைப்புகள் ஒழுங்காதானே வேலை செய்யுது"னு ஒருத்தர் வருவார், தெரியும். செஞ்சுது சார், ஆறு வருஷம் கழிச்சு. 2018 ஜனவரில வந்த திட்டம், நடுவுல ஒரு பார்லிமென்ட் தேர்தலே முடிஞ்சு போச்சு. அதுக்கு முன்னாடி 2017லயே எலக்‌ஷன் கமிஷன் இது பின்னோக்கிப் போற வேலைனு லெட்டர் எழுதுச்சு, ரிசர்வ் பேங்க்கும் ஆட்சேபம் சொல்லுச்சு. யார் கேட்டா? 

"உங்க ஆளுங்க வாங்கலையா?" வாங்குனாங்க. கோயம்புத்தூர் லாட்டரி கம்பெனி 1,368 கோடிக்கு வாங்குனதுல திமுகவுக்கும் போயிருக்கு, எழுதிக்கோங்க, ஸ்கிரீன்ஷாட் வேணும்னாலும் எடுத்துக்கோங்க. ஆனா நான் கட்சியைப் பத்திப் பேசல. கட்சி அப்படித்தான் இருக்கும்னு எனக்கு எப்பவோ தெரியும். பேங்க் நம்மளுதுனு நெனச்சேன் பாருங்க, அதான் வலிக்குது. என் சம்பளம், உங்க பி.எஃப், ஊர்ல ஒரு கிழவி முடிஞ்சு வச்ச நூறு ரூபா, எல்லாம் சேர்ந்ததுதானே அது. அது யாரோட ரகசியத்தைக் காப்பாத்தறதுக்காக கோர்ட் படி ஏறுச்சு? என்னோடதா? எங்கம்மா அக்கவுண்ட்ல என்ன இருக்குனு கேஸ் ஏஜென்சிக்குக்கூடத் தெரியும்.

அந்த அபராதத்துக்கு அப்புறம் அம்மா ஆயிரம் ரூபாயை அக்கவுண்ட்ல போட்டு வச்சிட்டாங்க. இன்னைக்கு வரைக்கும் அதைத் தொட்டதில்ல. பிரஷர் மாத்திரை தீர்ந்தா எங்கிட்ட கேப்பாங்க, அதை எடுக்க மாட்டாங்க. எடுத்தா சிஸ்டம் கேக்குமாம்.