அந்த ஐம்பது அடி

தமிழ்நாட்டில் அரசின் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அப்படி ஏறக் காத்திருந்த பெண்களை ஓடவிட்டு, நிறுத்தத்தைத் தாண்டி ஐம்பது அடி தள்ளி நின்ற அந்த பஸ் வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். எந்த வண்டி, எந்த ஊர் என்று மறுபடியும் எழுதப் போவதில்லை. வீடியோவைவிட அதன் கீழே வந்த கமெண்ட்டுகள்தான் மனசைப் புண்ணாக்கின. "ஓசியில போறவங்க கொஞ்சம் ஓடி வந்து ஏறட்டுமே." அதற்கு எத்தனை சிரிப்புக் குறிகள்!

இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அது ஓசி இல்லை. இவ்வளவு வருஷம் அந்தப் பெண்கள் கூடுதலாகக் கட்டிவந்த காசு இப்போதுதான் நின்றிருக்கிறது.

கணக்கு எளிமையானது. டவுன் பஸ்ஸில் கட்டணம் ஸ்டேஜ் கணக்கு. ஏறியதும் குறைந்தபட்சக் கட்டணம். அதன்பின் தூரம் கூடக்கூட, கிலோமீட்டருக்கு ஆகும் செலவு குறையும். வழியில் இறங்கி அடுத்த வண்டி ஏறினால் பழைய டிக்கெட் செல்லாது, மறுபடி குறைந்தபட்சத்திலிருந்து தொடங்க வேண்டும். பதினைந்து கிலோமீட்டரை ஒரே வண்டியில் போகிறவர் ஒரு டிக்கெட் எடுப்பார். அதே தூரத்தை நாலு துண்டாகப் போகிறவர் நாலு குறைந்தபட்சக் கட்டணம் கட்டுவார்.

நாலு துண்டாகப் போவது யார்? சென்னையின் ஓரத்தில் கண்ணகி நகரிலோ பெரும்பாக்கத்திலோ குடியமர்த்தப்பட்டு, நகரத்துக்குள் மூன்று வீடுகளில் வேலை செய்யும் ஒரு அக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் முதல் வீட்டுக்கு ஒரு வண்டி. அங்கிருந்து அடுத்த வீட்டுக்கு மூன்று ஸ்டாப். மத்தியானம் ரேஷன் கடை. சாயங்காலம் பிள்ளையை ட்யூஷனிலிருந்து கூட்டிக்கொண்டு, மாமியாருக்கு மருந்து வாங்கிக்கொண்டு, கையில் காய்கறிப் பையோடு கடைசி வண்டி. அவர் வீட்டுக்காரருக்கு ஒரு நாளைக்கு இரண்டு பயணம், இவருக்கு ஐந்தாறு. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடமும் ஆண்கள் 88 நிமிடமும் செலவிடுவதாக வந்தது. அந்த வேலையில் ஒரு பகுதி வீட்டு வாசலுக்கு வெளியே போய்த்தான் முடிகிறது என்பது கடைத்தெருவில் நின்று பார்த்தாலே தெரியும்.

இந்தப் பயணங்கள் பெரும்பாலும் கணக்கில் ஏறுவதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வேலைக்கு எவ்வளவு தூரம், எதில் போகிறீர்கள் என்று கேட்டார்கள். அதுவும் விவசாயமும் வீட்டுத் தொழிலும் செய்யாத தொழிலாளர்களிடம் மட்டும். ரேஷன் கடைக்குப் போனது அதில் பயணமே இல்லை. ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போனதும் இல்லை. எண்ணாத பயணத்துக்கு எவர் வண்டி விடுவார்?

2021 மே 7 அன்று கையெழுத்தாகி மறுநாளே நடைமுறைக்கு வந்த, பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணத் திட்டம் இந்தத் துண்டுத் துண்டான பயணத்தைத்தான் தொட்டது. மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்றது மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு. வீட்டு வேலை செய்கிறவருக்கு அது கிட்டத்தட்ட ஒரு சிலிண்டர்.

"எங்க வரிப்பணம்" என்பவர்களுக்கு: மேம்பாலத்தில் காரில் ஏறும்போது யாரும் உங்களிடம் டிக்கெட் கேட்பதில்லை. அதுவும் வரிப்பணம்தான். "வசதியான பொம்பளைங்களும் போறாங்களே" என்பவர்கள் சாயங்காலம் ஆறு மணிக்கு கட்டணமில்லாத ஒரு வெள்ளை போர்டு வண்டியில் ஏறிப் பார்த்துவிட்டு வந்து பேசட்டும். "ஆயிரம் ரூபாய்க்கு மாதப் பாஸ் இருக்கே" என்றார் ஒருவர். அன்றாடக் கூலியில் ஆயிரம் ரூபாயை மாத முதல் தேதியில் மொத்தமாக எடுத்து வைக்க முடிகிறவருக்குத்தான் பாஸ்.

"ஏழை ஆம்பளை என்ன பாவம் பண்ணான்?" இதில் நியாயம் இருக்கிறது, மறுக்க மாட்டேன். மூட்டை தூக்குகிறவருக்கும் கொடுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். ஆனால் இதைக் கேட்கிற பலர் அந்தத் தொழிலாளிக்காக இதற்கு முன் ஒரு வரி எழுதி நான் பார்த்ததில்லை.

டிரைவர் பக்கமும் தெரியாமல் பேசவில்லை. ஒரு வண்டி ஐந்து நிமிடம் பிந்தினால் அடுத்த ஸ்டாப்பில் கூட்டம் சேரும், ஏற்ற நேரமாகும், இன்னும் பிந்தும். பின்னால் வரும் வண்டிக்கு ஆள் குறைவு, அது வேகமாக வந்து ஒட்டிக்கொள்ளும். ஒரே நம்பரில் இரண்டு வண்டி சேர்ந்து வருவது இப்படித்தான். அதன்பின் நாற்பது நிமிடம் ஒன்றும் வராது. பிந்திய நேரத்தைப் பிடிக்க டிரைவர் ஸ்டாப்பை விடுகிறார். அந்த நெருக்கடி நிஜம். ஆனால் விடுவதற்கு ஏன் பெண்கள் மட்டும் நிற்கிற ஸ்டாப்பையே தேர்ந்தெடுக்கிறார்கள்? வசூலைப் பார்த்து ஊழியர்களுக்குப் பேட்டா கொடுக்கிற பழக்கம் இருக்கும்வரை, ஸ்டாப்பில் நிற்கும் பெண் டிரைவர் கண்ணுக்கு வசூல் இல்லாத சுமையாகத்தான் தெரிவார்.

வண்டி நிற்காவிட்டால் இலவசம் எங்கே இருக்கிறது? அந்த அக்கா அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டு, பால்வாடி மூடிவிடுமே என்று டீலக்ஸில் காசு கொடுத்து ஏறுகிறார். டீலக்ஸும் வராவிட்டால் ஷேர் ஆட்டோ. கட்டணம் இல்லை என்று அறிவித்தாயிற்று, காத்திருப்பதற்கான கூலியை யார் கொடுப்பார்கள்?

பெண்களுக்கு ஒன்று. கட்டணமில்லாப் பயணத்துக்குக் கொடுக்கும் அந்தப் பூஜ்ய டிக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள். "எதுக்கும்மா, போய் உட்காரு" என்று கண்டக்டர் சொன்னாலும் வாங்குங்கள். நீங்கள் அந்த வண்டியில் போனதற்கு அந்தக் காகிதம் மட்டுமே சாட்சி. அது கிழிபடாவிட்டால் நீங்கள் போனது ஏட்டில் ஏறாது, நாளைக்கு அந்த டிரிப்புக்கு ஆளே இல்லை என்று யாரும் சொல்லலாம். நிற்காமல் போன வண்டிக்கு ரூட் நம்பர் போதாது. பதிவு எண், நேரம், ஸ்டாப், எந்தப் பக்கம் போன வண்டி, நாலும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் எந்த வண்டி என்று கண்டுபிடிப்பது கஷ்டம்.

அந்த வீடியோவை இன்னொரு தடவை பாருங்கள். முன்னால் ஓடுகிறவர் ஒரு கையில் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்திருக்கிறார், மறு கையில் பை. பையிலிருந்து ஒரு தக்காளி விழுகிறது. குனிந்து எடுக்கப் போய், வண்டி நகர்வதைப் பார்த்து விட்டுவிட்டு ஓடுகிறார். படிக்கட்டுப் பக்கம் உட்கார்ந்திருந்த அத்தனை ஆண்களில் ஒருவர் "ஹோல்டான், ஆள் வருது" என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் வண்டி நின்றிருக்கும்.